மாமியார் முன்னால் கேட்காதே

அன்புள்ள மலருக்கு,

கர்ப்பத்தில் தாய் குடித்த மதுவால் பிள்ளைக்கு வருகிற பாதிப்பைக் கண்டுபிடிக்க நீ அனுப்பிய கிளினிக் திட்டத்தைப் படித்தேன். பிள்ளைகளின் முகத்தை அளக்கிற பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 'தாயிடம் மதுப்பழக்கம் விசாரிக்கப்படும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, வேலையே அங்கேதானே இருக்கிறது! காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுப் போட்டே ரிட்டயர் ஆனவள், அதனால் சொல்கிறேன்.

மாமியார் பக்கத்தில் நிற்கும்போது "நீ குடிப்பியா?" என்றால் எவள் ஆமாம் என்பாள்? பிரஷர் பார்க்கிற சாக்கில் தனியாக உட்கார வை. "நாள் தள்ளிப்போனது தெரியறதுக்கு முன்னாடி, கல்யாணம் காரியம்னு எங்கயாவது பீரோ பிராந்தியோ சாப்பிட்டியாம்மா?" என்று கேள். மீன் கூடை சுமந்த வலிக்கு ஒரு மூடி பிராந்தி போடுகிறவளுக்கு அது மருந்து, குடி இல்லை. எதுவானாலும் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், இவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு அளவும் கிடையாது. எந்த மாதம் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லதுதான் என்பதையும் கையோடு சொல்லிவிடு. தினமும் நிறையக் குடிப்பவளை மட்டும் சட்டென்று நிறுத்தச் சொல்லாதே, வலிப்பு வரலாம். டாக்டரிடம் அனுப்பு.

1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு டாக்டர்கள் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்த பாதிப்பு இது. இதற்கென்று ரத்தப் பரிசோதனை இன்றைக்கும் இல்லை, அதனால்தான் தாயின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு. சிறிய கண், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் பாதிக்கப்பட்ட பல பிள்ளைகளுக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். நேற்றுச் சொன்னது இன்று மறக்கும், கணக்கு ஏறாது, ஓரிடத்தில் உட்காராது. வாலு என்று பெயர் வாங்கி அடிபடும். அங்கன்வாடி டீச்சர் கண்ணில்தான் முதலில் படும், அவர்களையும் பயிற்சிக்குக் கூப்பிடு. அதற்காக ஓடியாடுகிற பிள்ளைக்கெல்லாம் இந்த முத்திரை குத்திவிடாதே. குறைமாதம், ரத்தசோகை, எடைக்குறைவு என்று வேறு காரணங்களும் நம் பக்கம் ஏராளம். பாதிப்பை முழுசாகக் குணப்படுத்த முடியாது, ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் பேச்சுப் பயிற்சியும் பொறுமையான டீச்சரும் நிறையவே மாற்றும்.

உன் திட்டத்தில் இருக்கிற, வயிற்றில் பாட்டில் வரைந்த அந்த போஸ்டர் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தால் குடிக்கிறவள் செக்கப்புக்கே வர மாட்டாள். புருஷன்களையும் கூப்பிடு, வீட்டுக்குள் பாட்டிலைக் கொண்டுவருகிறவன் பெரும்பாலும் அவன்தான்.

அப்புறம், கிளினிக்கைக் காலையில் வைக்காதே. காசிமேட்டுப் பெண்கள் அந்த நேரம் மீன் ஏலத்தில் இருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வை.

அம்மா