க்ரோஷேயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்

சிகாகோ
டிசம்பர் 12, 2024

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பாஸ்கரன் சொல்லித்தான் தெரிந்தது. நீ ஏன் சொல்லவில்லை என்பதைத் தனியாக வைத்துக்கொள்வோம். இப்போது எனக்கு வேறு வயிற்றெரிச்சல்.

நேற்று எங்கள் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் டீமின் பந்துவீச்சாளன் கேரட் க்ரோஷேயை உங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் செய்தியைப் படித்து முடிக்கவில்லை, அதற்குள் உன்னிடமிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்து விழுகிறது. பாஸ்டனுக்குக் குடிபோன பிறகுதான் உனக்கு பேஸ்பாலே தெரியும். முப்பத்தைந்தாம் தெரு மைதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஓவர் எப்போ முடியும்’ என்று கேட்டவன் நீ. அந்த ஆள் இப்போது எனக்குப் பொம்மை அனுப்புகிறான்!

சரி, கிண்டல் பண்ணு, உரிமை இருக்கிறது. இந்த வருஷம் எங்களுக்கு 41 வெற்றி, 121 தோல்வி. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் டீம் 120 ஆட்டம் தோற்றதுதான் நவீன காலத்தில் யாரும் தாண்டாத கணக்காக இருந்தது. எங்கள் வைட் சாக்ஸ் அதையும் தாண்டிவிட்டது. ஜூலை 10-இல் ஆரம்பித்து வரிசையாக 21 தோல்வி. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் 5-1 என்று ஒரு வழியாக ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். 21 தோற்கிற வரைக்கும் வைத்திருந்துவிட்டு, ஒன்று ஜெயித்ததும் சீட்டைக் கிழிக்கிற நிர்வாகத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நம் பழைய மேலாளரை ஞாபகப்படுத்தாதே.

செப்டம்பர் கடைசியில் ஏஞ்சல்ஸ் டீமோடு மூன்று ஆட்டம் இங்கே. அப்போது தோல்விக் கணக்கு 120-இல் நின்றது. மெட்ஸ் கணக்கைத் தாண்டும் அந்த ஒரு தோல்வியை நேரில் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. பார்த்தால் மூன்றையும் ஜெயித்துவிட்டார்கள்! முதல் இரண்டில் முக்கியமான அடி எங்கள் பெனின்டெண்டியுடையது, இரண்டாவது ஆட்டம் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டிப் பத்தாவது வரை போனது. ஜெயிக்கும்போதுகூட ‘டீமை விற்றுவிடு’ என்று முதலாளி ரைன்ஸ்டோர்ஃபை நோக்கிக் கத்தல் நிற்கவில்லை. அப்புறம் டெட்ராய்ட் போய் 27-ஆம் தேதி 121-ஐ முடித்தார்கள். அதே ஆட்டத்தில் டெட்ராய்ட் டீமான டைகர்ஸுக்கு பிளேஆஃப், அதாவது கடைசிக்கட்டப் போட்டியில், இடம் உறுதியானது. எங்கள் துக்கத்தில் அவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு.

இவ்வளவுக்கும் நடுவில் க்ரோஷே என்ன செய்தான் தெரியுமா? இதை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2022-இல் அவனுக்கு முழங்கையில் பெரிய ஆபரேஷன். இந்த வருஷத்துக்கு முன்னால் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தைக்கூட ஸ்டார்ட்டராக, அதாவது முதல் பந்திலிருந்து வீசுகிறவனாக, தொடங்கியதில்லை. 2023 முழுக்க 13 இன்னிங்ஸ்கூட வீசவில்லை. அப்படிப்பட்டவனை முதல் நாள் ஆட்டத்துக்கே ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். 32 ஆட்டம், 146 இன்னிங்ஸ், பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்கிய ஸ்ட்ரைக்அவுட் 209, தப்பான பந்துகள் வீசி முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டது 33 பேரை மட்டும். ஆகஸ்டில் டெட்ராய்ட்டுக்கு எதிராக முதல் ஏழு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட் செய்தான். ஆட்டம் என்னாச்சு என்று கேட்காதே. தோற்றோம்.

கணக்குப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 6-12 என்று இருக்கும், ஆறு வெற்றி, பன்னிரண்டு தோல்வி. உங்கள் ஊர் டாக்ஸிக்காரர் யாராவது அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் நீ சும்மா இருக்கக் கூடாது. ஜூலை நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரைக்கும் 6-6. அதற்கப்புறம் கையைக் காப்பாற்ற வேண்டுமென்று நான்கு இன்னிங்ஸுக்குள் இறக்கிவிட ஆரம்பித்தார்கள். ஸ்டார்ட்டருக்கு வெற்றி எழுத வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸ் முடித்திருக்க வேண்டும், அதுதான் விதி. ஆக, வருஷத்தின் பிற்பாதியில் அவன் எவ்வளவு நன்றாக வீசினாலும் வெற்றி அவன் பெயருக்கு வர வழியே இல்லை, தோல்வி மட்டும் தாராளமாக வரலாம். வந்தது, ஆறு. அடிக்கிற ஆட்கள் பக்கம் பார்த்தால் 162 ஆட்டத்தில் மொத்தமே 507 ரன். ஆட்டத்துக்கு மூன்று சொச்சம். எதிர் டீம்களுக்குக் கொடுத்தது 813.

எங்கள் இன்னொரு பந்துவீச்சாளன் ஃபெடி கதையும் இதேதான். கொரியாவில் போன வருஷம் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிவிட்டு இங்கே வந்தான். இந்த டீமில் இருந்துகொண்டே 7-4! ஜூலை முடிவதற்குள் கார்டினல்ஸ் டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். எவன் நன்றாக ஆடுகிறானோ அவனுக்குப் பெட்டி கட்டுவதுதான் இங்கே திட்டம் போல.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசில் உறுத்துகிறது, சேகர். கேலி பண்ணுவது எளிது, நானே வருஷம் முழுக்கப் பண்ணினேன். ஆனால் ஜூலையில் ஒரு ராத்திரி, எத்தனையாவது தோல்வி என்பதே மறந்துவிட்டது, ஆட்டம் முடிந்து ரெட் லைன் ரயிலுக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் பக்கம் இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கிறான். அங்கே ஒரு ஆட்டக்காரன் நின்று, தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனான். யாரென்று தெரியவில்லை. மறுநாளும் அவன் வந்து ஆட வேண்டும், அதுவும் அனேகமாகத் தோல்விதான் என்று அவனுக்கும் தெரியும். இந்த ஆட்களில் பலர் மேஜர் லீக்கில் இருக்க வேண்டியவர்களே இல்லை என்பது உண்மைதான். அது அவர்கள் தப்பா? 2021-இல் 93 ஆட்டம் ஜெயித்த டீமை மூன்றே வருஷத்தில் இப்படி ஆக்கியவர்கள் சட்டை கசங்காமல் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அனுவிடம் இதைச் சொன்னால், ‘உன் ஆபீஸைப் பற்றிப் பேசுகிறாயா, பேஸ்பாலைப் பற்றியா?’ என்கிறாள்.

க்ரோஷேக்குப் பதிலாக உங்கள் ஆட்கள் நாலு பையன்களைக் கொடுத்திருக்கிறார்கள். கேட்சர் கைல் டீல் மேல் எனக்கு ஆசை இருக்கிறது. பிரேடன் மான்ட்கோமரி கல்லூரி ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டவன், பார்க்கலாம். மெய்ட்ராத், விக்கல்மன் கொன்சாலஸ் இரண்டு பேரும் ஆடி நான் பார்த்ததில்லை. இந்த வியாபாரம் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் கூடுதல் எரிச்சல்.

க்ரோஷேயை அவசரப்படுத்த வேண்டாம் என்று உங்கள் ஊரில் சொல்லிவை. நீ சொன்னால் கேட்பார்களா என்று தெரியவில்லை, வித்யாவைச் சொல்லச் சொல். ஏப்ரல் 11 முதல் மூன்று நாள் ரெட் சாக்ஸ் இங்கே வருகிறது. அவன் எந்த நாள் வீசுவான் என்று இப்போதே சொல்ல முடியாது, அதனால் மூன்று நாளுக்கும் டிக்கெட் எடுக்கப் போகிறேன். நீ வா. சிகாகோ ஏப்ரலை மறந்திருக்க மாட்டாய், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். பாஸ்கரனையும் இழுத்து வா, ஆனால் அவன் ஸ்கோர் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தால் வேறு வரிசையில்தான் உட்கார வைப்பேன்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ரவி