இரண்டு பேர் பெயர் போட்டால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவன் மனைவி வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் பதிந்துகொள்ளுங்கள் என்று வீடு, மனை பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள், உங்கள் நாளிதழிலும் வருகிறது. நல்ல யோசனைதான், ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பல வருடம் பத்திரம் எழுதியவன் என்பதால் மீதியை நான் சொல்கிறேன்: யார் எவ்வளவு பணம் போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

எழுதட்டுமா என்று கேட்டால் "எங்களுக்குள்ள என்ன சார் கணக்கு" என்று சிரிப்பார்கள். கூட வந்த பெண்ணின் அப்பா மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு பேசாமல் இருந்துவிடுவார். சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 45ஆம் பிரிவு. தனித்தனிப் பணம் போட்டு சேர்ந்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு. ஆனால் யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே அதிகம் போட்டவர் பிறகு கோர்ட்டில் நின்று ரசீது தேட வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். 60 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு. மனைவி நகை விற்றும் பிஎஃப் எடுத்தும் 15 லட்சம், கணவர் 5 லட்சம், மீதி 40 லட்சம் வங்கிக் கடன், இஎம்ஐ ஆளுக்குப் பாதி. அப்படியானால் மனைவியின் பங்கு 35 லட்சம், அதாவது பன்னிரண்டில் ஏழு. பத்திரத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் ஆளுக்குப் பாதி என்றுதான் ஊர் பேசும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம், சுமார் 5.4 லட்சம் யார் கையிலிருந்து போனது என்பதை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதில் எனக்கு ரொம்ப வருத்தமானது நகைப் பணம்தான். கடையில் விற்று ரொக்கமாக வாங்கி, பத்திரத்தில் காட்டாமல் விற்பவருக்குப் 'பிளாக்'காகக் கொடுப்பது பல இடங்களில் அந்தப் பணம்தான். கணவரின் பணம் வங்கி வழியாகப் போய் பத்திரத்தில் ஏறுகிறது, மனைவியின் பணம் எங்கேயுமே ஏறுவதில்லை. வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கக் கூடாது என்று 2015லிருந்து வருமான வரிச் சட்டம் சொல்வது வேறு விஷயம். நகை விற்ற பில்லை வைத்துக்கொண்டு, பணத்தை மனைவியின் வங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்தே விற்பவருக்கு அனுப்பி, அந்த டிரான்ஸ்ஃபர் எண்ணையும் பத்திரத்தில் குறிப்பிட்டுவிட்டால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

வங்கிக்கு உங்கள் பங்கு விகிதம் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் கால் பங்குக்காரராக இருந்தாலும் கடனில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முழுக் கடனுக்கும் பொறுப்பு. அதேபோல கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாவிட்டால், இஎம்ஐ கட்டினாலும் நீங்கள் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். இஎம்ஐ யார் கட்டுவது, நாளைக்கு விற்றாலோ பிரிந்தாலோ முதலில் அவரவர் போட்ட முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை எப்படிப் பிரிப்பது என்பதற்கு முத்திரைத்தாளில் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். பின்னால் பங்கையே மாற்ற நினைத்தால் செட்டில்மெண்டோ (பங்கைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது) விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது) பதிய வேண்டும். 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தாள் அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000தான். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் முதல் நாளே சரியாக எழுதிக்கொள்வது இன்னும் அவசியம்.

அப்புறம் உயில். இருவர் பெயரில் இருந்தால் ஒருவர் போன பிறகு மற்றவருக்கே முழு வீடும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர் உயில் இல்லாமல் இறந்தால் அவர் பங்கு மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவுக்கும் போகும். பிள்ளை இல்லாத மனைவி இறந்தால் கணவருக்கு, கணவரும் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கு. பெண்ணைப் பெற்றவர்களின் முறை அதற்குப் பிறகுதான், நகை போட்டது அவர்களாகவே இருந்தாலும்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான், சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் சொன்னது, அருமையான தீர்ப்பு. ஆனால் அதைப் பெற இரண்டாம் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. பத்திரத்தில் இரண்டு வரி எழுத நான் கூடுதலாகக் காசு கேட்டதில்லை, இப்போது எழுதுபவர்களும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அந்த இரண்டு வரி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரிடம் மாதிரி வாசகம் வாங்கி உங்கள் வீடு, மனை பக்கத்தில் போடுங்கள். பெட்டிச் செய்தியாக, வெட்டி எடுத்துக்கொண்டு வரும்படி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
செங்கல்பட்டு