குவார்ட்டர் வந்தால் ஃபவுல் கணக்கு என்ன ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் 20 நிமிடப் பாதி இரண்டை எடுத்துவிட்டு 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு வைக்கலாமா என்று நடக்கும் பேச்சைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ‘ஆட்டம் விறுவிறுப்பாகும்’ என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. வேகம் ஷாட் கிளாக்கின் (பந்து வைத்திருக்கும் அணி எத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்று காட்டும் கடிகாரம்) வேலை. அது 1985-86-இல் 45 விநாடியில் தொடங்கி, 1993-94-இல் 35, 2015-16-இல் 30 என்று ஏற்கெனவே சுருங்கிவிட்டது. குவார்ட்டர் வந்தால் புரளப்போவது டீம் ஃபவுல் கணக்கு, அதாவது ஓர் அணி மொத்தமாகச் செய்த ஃபவுல்களின் எண்ணிக்கை.

ஆண்கள் ஆட்டத்தின் பாதிக் கணக்கில், எதிரணியின் 7-ஆவது ஃபவுலிலிருந்து ‘ஒன் அண்ட் ஒன்’: முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) விழுந்தால்தான் இரண்டாவது. 10-ஆவதிலிருந்து நேராக இரண்டு. பாதி முடியும்வரை இந்தக் கணக்கு அழியாது. எட்டாவது நிமிடத்திலேயே ஓர் அணி ஏழைத் தொட்டுவிட்டால் மிச்சம் 12 நிமிடமும் விசில்தான்; பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். பெண்கள் ஆட்டம் 2015-16-இலேயே குவார்ட்டருக்கு மாறிவிட்டது. அங்கே 5-ஆவது ஃபவுலுக்கே இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆனால் குவார்ட்டர் மாறினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி ஆடும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பழகிய கணக்குதான்.

பின்தங்கிய அணிக்கு இதில் நஷ்டம் உண்டு. ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதம் போடும் ஆட்டக்காரரை, கடிகாரத்தை நிறுத்துவதற்காக ஃபவுல் செய்தால், ஒன் அண்ட் ஒன்னில் சராசரியாக 0.96 புள்ளிதான் போகும். முதல் த்ரோ தவறினால் ரீபவுண்டும் (தவறித் திரும்பும் பந்து) கிடைக்கலாம். கட்டாயம் இரண்டு த்ரோ என்றால் 1.2 போகும்.

கடைசி நிமிடத்தைப் பாருங்கள். 35 விநாடி மிச்சம், மூன்று புள்ளி பின்னடைவு, அந்தக் குவார்ட்டரில் செய்தது 2 ஃபவுல். 3-ஆவதையும் 4-ஆவதையும் செய்தாலும் எதிரணி பந்தை வெளியிலிருந்து போட்டு ஆடிக்கொண்டே இருக்கும். 5-ஆவதில்தான் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு விநாடி போனால் கையில் மிஞ்சுவது சுமார் 25. அந்த இரண்டையும் முன்னதாகவே செலவழிக்காத கோச்சின் தவறு அது.

முன்னிலை அணிக்கோ அதே மிச்ச ஃபவுல் வரவு. மூன்று புள்ளி முன்னிலையில் 8 விநாடி இருக்கும்போது, எதிராளி டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டி நகர்த்துவது) செய்கையிலேயே பந்தைத் தட்டப்போய் ஃபவுல் வாங்கினால் நேரம் கரையும், ஃப்ரீ த்ரோ கிடையாது. பந்து இடுப்பளவில் இருக்கும்போது செய்ய வேண்டும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவர் எறிய எழும்பிய பிறகு கை பட்டால் மூன்று த்ரோ. பின்னாலிருந்து ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் நடுவர் இரண்டு த்ரோவோடு பந்தையும் கொடுத்துவிடலாம்.

இது ஒன்றும் புதுமையும் அல்ல. 1951-52 முதல் மூன்று பருவம் ஆண்கள் ஆட்டம் அங்கே குவார்ட்டரில்தான் நடந்தது. 1954-55-இல் பாதிக்குத் திரும்பினார்கள். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது என்ற இன்றைய வடிவத்துக்கு ஒன் அண்ட் ஒன் மாறியதும் அதே பருவத்தில்தான்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர்,
திருச்சி