வீட்டுக்கு ஒரு நாள் தாருங்கள்

2020 மே

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனா ஊரடங்கு இருக்கும்போதே மே 11ஆம் திகதியிலிருந்து கொழும்பில் வேலைத்தலங்கள் திறக்கத் தொடங்கிவிட்டன. வேலைக்குப் போகாதவர்கள் சாமான் வாங்க வெளியே இறங்குவதென்றால் தேசிய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். 1, 2 என்றால் திங்கள்; 3, 4 செவ்வாய்; 5, 6 புதன்; 7, 8 வியாழன்; 9, 0 வெள்ளி. ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் நியாயமான ஒழுங்குதான். வீட்டுக்கு வீடு பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டில் நானும் மனைவியும் மகள் குடும்பத்தோடு இருக்கிறோம். மருமகனின் அட்டை 3இல் முடிகிறது, மகளினது 4இல். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கலியாணம் செய்து வைத்தோம். அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை எந்தச் சாத்திரியாரும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே செவ்வாய். அந்தச் செவ்வாயிலோ என் மனைவி வீட்டில் மச்சம் ஏற விடமாட்டாள். கடையில் நல்ல மீன் கிடந்தாலும் மருமகன் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். "மாமி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு நாள் இருக்கட்டுமே" என்று பணிவாகத்தான் கேட்டுப் பார்த்தார். மாமி பதில் சொல்லவில்லை. அதுதான் பதில்.

என் இலக்கம் 7, மனைவியினது 8. ஆகவே வியாழன் எங்களுடையது. ஆனால் எனக்கு எழுபது தாண்டிவிட்டது, அவளுக்குச் சீனி வருத்தம். வயதானவர்கள் வீட்டோடு இருக்கச் சொல்லி வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்கின்றன. 14ஆம் திகதி காலை நான் முகக்கவசமும் போட்டுப் பையும் எடுத்துக்கொண்டு அட்டையைத் தேடினால் அட்டையைக் காணோம். மகள் ஒளித்துவைத்துவிட்டாள். "அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ, செவ்வாய்க்கிழமை நாங்கள் வாங்கித் தாறம்" என்றாள். அரசாங்கம் எனக்குத் தந்த நாளைப் பறிக்க இவள் யார் என்று நான் சத்தம் போட்டேன். மத்தியானம் சாப்பிடவும் இல்லை. புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பேரன், "அறிவித்தலில் வயது பற்றி ஒன்றும் இல்லையே அம்மப்பா" என்று எனக்காகப் பேசப்போய், அவனுக்கும் ஏச்சு விழுந்தது. பின்னேரம் மருமகன்தான் "வாங்கோ மாமா" என்று மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலைப் பார்த்தபடி நடந்தோம். கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கியது என்று சொல்லமாட்டேன்.

மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் வந்ததிலிருந்து எங்களுக்குள் பெரிய சண்டை என்று இருந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். பருப்புக்கு 65 ரூபாய், ரின் மீனுக்கு 100 ரூபாய் என்று அரசாங்கம் விலை குறித்தவுடன் இரண்டும் கடையில் காணாமல் போன நாட்களைச் சமாளித்தோம். சாப்பாட்டு மேசையில் மருமகனின் கணினி, பேரனின் கொப்பிகள், மனைவி நறுக்குகிற பயற்றங்காய் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. சார்வரி வருடம் பிறந்தபோது தலையில் வைத்து முழுகக் கோவில் மருத்துநீர் கிடைக்காமல், துளசியும் மஞ்சளும் போட்டு மனைவியே காய்ச்சினாள். மஞ்சளுக்கு இருக்கிற தட்டுப்பாட்டில் அதுவே பெரிய காரியம். கைவிசேடத்துக்குப் புதுக் காசுத்தாளில்லை, பழைய தாளை மகள் ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திக் கொடுத்தாள். மாதாந்த கிளினிக் மருந்து தபாலில் வீடு தேடி வந்தது. நான் தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். அன்று முழுக்க நான் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக வீட்டில் முறைப்பாடு.

மரக்கறி லொறி ஒழுங்கைக்குள் வந்த காலத்தில் யாருடைய நாள் என்ற கேள்வியே எழவில்லை. ஹோர்ன் சத்தம் கேட்டதும் கயிற்றில் கூடையை இறக்குவோம், வந்ததை ஏற்றுவோம். இப்போது கடைகள் திறந்திருப்பதால் லொறி வருவது குறைந்துவிட்டது. திறந்த கடைக்குப் போக எங்களுக்கு வாரத்தில் ஒரு செவ்வாய்தான்.

சென்ற வெள்ளியன்று பால்மா முடிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாவின் அட்டை 0இல் முடிகிறது. அவர் நோன்பு பிடித்துக்கொண்டே போய்த் தமக்கு வாங்கும்போது எங்களுக்கும் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பின்னேரம் ஒரு சட்டி நோன்புக் கஞ்சியும் வந்தது. அவர்களுடைய கோதுமை மாவும் சீனியும் எங்கள் செவ்வாய்க் கணக்கில் போகின்றன. இப்படி எங்கள் தட்டிலுள்ள வீடுகளெல்லாம் நாட்களை மாற்றிக்கொண்டுதான் சீவிக்கிறோம். ஆக, அதிகாரிகள் இலக்கத்தால் ஆட்களைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள், நாங்கள் மறுபடியும் வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதையே ஒழுங்காகச் செய்துவிடலாமே. அட்டை இலக்கத்தை விட்டுவிட்டு வீட்டு இலக்கத்தை எடுங்கள். ஒற்றை இலக்க வீடுகளுக்குத் திங்களும் வியாழனும், இரட்டை இலக்க வீடுகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் மட்டும் போகட்டும். புதன்கிழமை காலையை அறுபது தாண்டியவர்களுக்கு விட்டுவிடுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் போய்வர எங்களாலும் முடியும். ஓய்வூதியம் எடுக்க இன்னொருவரிடம் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்தனுப்ப எல்லாருக்கும் மனம் வராது.

வீதியில் மறிக்கிற பொலிஸ்காரர் வீட்டு இலக்கத்தை எப்படி அறிவார் என்று கேட்பார்கள். அடையாள அட்டையிலுள்ள விலாசம் உதவாது. வெள்ளவத்தையில் எத்தனையோ பேரின் அட்டையில் இன்னும் யாழ்ப்பாண விலாசந்தான் இருக்கிறது, என்னுடையதும் அப்படியே. மின்சாரப் பட்டியல் எல்லா வீட்டுக்கும் வருகிறது. தொடர்மாடியென்றால் அதில் வீட்டின் இலக்கமும் இருக்கும். அட்டையோடு அந்தத் தாளையும் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.