குழலின் மூச்சும் கணினியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோ பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் அவரைக் 'கணினி இசைக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்தது மனத்தை உறுத்துகிறது. 1982இல் பாரிஸின் இர்காம் என்ற இசை ஆய்வுக்கூடத்துக்குப் போனவர் அங்கே கணினியைப் பழகியது வாத்தியத்தை ஓரங்கட்ட அல்ல. குழல் ஊதுபவரின் மூச்சு, தந்தியில் வில் உரசும் சத்தம் என்று நாம் கேட்டும் கேளாமல் விடுகிறவற்றை முன்னால் கொண்டுவரத்தான். 1992இல் எழுதிய 'நோவாநோவா'வில் குழல் கலைஞர் ஊதிக்கொண்டே பேசுகிறார், கிசுகிசுக்கிறார், மின்னொலி அதை விரித்துக்கொண்டே போகிறது. 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் அவருடைய ஓபரா மேடையேறியது. 1903க்குப் பிறகு அங்கே மேடையேறிய, ஒரு பெண் எழுதிய முதல் ஓபரா அதுதான்.

என் மகள் ஒருநாள் கடற்கரையில் எங்கள் மொரீசியஸின் ரவான் மேளத்தை நெருப்பில் காட்டும்போது ஆட்டுத்தோல் இறுகி எழுப்பும் சின்னச் சின்னச் சத்தங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கணினியில் மெதுவாக ஓடவிட்டாள். ரவான் ஒலிக்கும் எங்கள் தீவின் சேகா இசையை எத்தனையோ வருடமாகக் கேட்கிற எனக்கே அது புதிதாக இருந்தது! சரி, இதை அவள் யாரிடம் போய்க் கற்பாள்? கர்நாடக இசை கற்பிக்கும் மோக்கா மகாத்மா காந்தி நிலையம் தவில், நாதசுரம், ரவான் வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒலிப்பதிவும் மின்னிசையும் சேர்ந்த ஒரு வகுப்பை நடத்தலாம். நாலைந்து ஒலிவாங்கி, இரண்டு கணினி இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஒரு வாசகர்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்