ஆவணிக் கலியாணங்களும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து மண்டபங்களில் கலியாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஆடியில் நாங்கள் நல்ல காரியம் செய்வதில்லை; கனடா, இங்கிலாந்துப் பாடசாலைகளின் கோடை விடுமுறையோ ஓகஸ்ட் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே புலம்பெயர்ந்த சொந்தங்களை எண்ணி வைக்கும் கலியாணங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சாப்பாடு, சோடனை, வீடியோ என்று மாதக்கணக்கில் ஓடித் திரியும் கலியாண வீட்டார், வருகிறவர்களை இந்த வெயிலுக்கு ஆயத்தப்படுத்துவதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

வன்னி வெயில் ஆளை ஏமாற்றக் கூடியது. வெளியே சோளகம் வீசும்போது வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழக்கிறது என்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் நிலைமை நேர்மாறு. சனக்கூட்டம், ஓமப் புகை, வீடியோ வெளிச்சம், யன்னலை மறைத்துக் கட்டிய சோடனைத் துணி எல்லாம் சேர்ந்து காற்றை அடைத்துவிட, வியர்வை காயாமல் வழிந்துகொண்டேயிருக்கும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மின்விசிறி அந்த அவிச்சலைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும். பொலியெஸ்டர் ஷெர்வானிக்குள் முகம் சிவந்து, கழுத்துப் பொத்தானைக் கழற்ற விடும்படி தாயிடம் கெஞ்சும் சிறுவனை எந்தக் கலியாணத்திலும் காணலாம். குளிரூட்டி பூட்டிய ஒரே அறையோ பொம்பிளையின் அலங்காரத்துக்கு என்று பூட்டிக் கிடக்கும்.

குளிர்நாட்டு உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை எடுக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, இரவோடு இரவாக ஏ-9 வீதியால் வந்து, மறுநாள் பட்டுச்சேலையில் மணவறைக்கு முன் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. முடிந்தவர்கள் முன்கூட்டியே வரட்டும். பிரஷருக்காகவோ இருதயத்துக்காகவோ நீர் போகும் மாத்திரை எடுக்கும் முதியவர்கள், புறப்படுமுன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு வருவது அவசியம். இன்சுலினைக் கைப்பையோடு வானுக்குள் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் போகக் கூடாது. மூடிய வாகனத்தின் சூட்டில் அது பழுதாகிவிடும்.

கலியாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. விடியற்புற முகூர்த்தம் கிடைத்தால் அதையே எடுங்கள். எடுத்த பின், படப்பிடிப்புக்காரரின் வசதிக்காகச் சடங்குகளை மத்தியானம் வரை இழுக்காதீர்கள். பன்னீர் தெளிக்கும் இடத்திலேயே மோரோ உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கொடுக்கலாம். நிறம் போட்ட சோடாவை விட அது எவ்வளவோ மேல். சமையற்கட்டில் ஜீவனி எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள் பைக்கற் சிலவும் இருக்கட்டும். விருந்தாளி ஒருவர் வெக்கையில் தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ, அவரைச் சுற்றிக் கூட்டம் கூடாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிற வேண்டும். உடனே 1990 அம்புலன்சையும் அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இவற்றை அழைப்பிதழோடு அனுப்பும் வட்ஸ்அப் செய்தியிலேயே எழுதிவிடலாம். மண்டபத்தில் ஏசி இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதில் என்ன வெட்கம்? பருத்தி உடுப்பு போதும் என்பதையும் கலியாண வீட்டாரே எழுதிவிட்டால், பட்டுடுத்தாமல் வந்ததற்காக ஒருவரும் கூச்சப்படத் தேவையிராது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.