நிறுவைக் கொட்டகையில் கேட்காதீர்கள்

ஐயா,

தேயிலை எஸ்டேட்டுகளில் மனநல முகாம் நடத்தப் போகிறவர்கள் கவனத்துக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வித் தாள் இதற்குத் தோதானது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, காலையில் களைப்பில்லாமல் எழுந்தீர்களா என்ற மாதிரிக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில், மேஸ்திரி பக்கத்தில் நிற்கக் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கோம்' என்பதுதான் பதில். மாலையில், அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், தனியாகக் கேளுங்கள். எண் பிடிபடாதவர் கையில் ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, 'எப்பவும் அப்படித்தான்னா அஞ்சையும் வைங்க, இல்லவே இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம்' என்றால் தயக்கமில்லாமல் வைப்பார்.

ஒரே தடவை எடுத்துவிட்டுப் போவது பெரிய தப்பு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. காசு கைக்கு வந்தபின் அதே ஆட்கள் புதிர்க் கணக்குகளை மேலும் நன்றாகப் போட்டார்கள். நம் மலையில் மே மாதம் கொழுந்து பொங்கும். அன்றாடம் பறித்தாக வேண்டிய அடிப்படைக் கிலோவுக்கு மேல் பறித்தால், அந்தக் கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கும். ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால் அடிப்படைக் கிலோவே எட்டாது. இரண்டு பருவத்திலும் அதே ஆட்களைக் கேட்காவிட்டால், கிடைப்பது பருவத்தின் கணக்கு, ஆட்களின் கணக்கல்ல.

ஆபீஸ் ஊழியரையும் கொழுந்து பறிப்பவரையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்து, மைக்கேல் மார்மட் குழு அலசிய ஆய்வில், எல்லாருக்கும் வேலை இருந்தும், பதவி இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடியது. நிரந்தரம், தற்காலிகம், ஆண், பெண் என்று பிரித்தே எழுதுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ்த் தாள் மட்டும் என்றால் கணக்கில் அவர்களே இல்லை.

வேலைப் பளு அதிகமாகவும் அதன்மேல் தன் பிடி குறைவாகவும் இருப்பதுதான் மனதைத் தேய்க்கும் என்று 1979இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். ஆகவே ஐந்தோடு இன்னும் மூன்று கேள்விகள் சேருங்கள். தராசு முள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று சொன்னார்களா? ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்களா? இந்த மூன்றையும் சேர்க்க நிர்வாகம் ஒப்பவில்லை என்றால், அதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் ஆய்வில் உள்ள வாசகர்கள்,
குன்னூர்